முதல் நாள் வராத லோயர்

‘ஜெய் பீம்’ (2021) பற்றி இங்கே யாரிடம் பேசினாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது: “நமக்கும் இப்படி ஒரு லோயர் இருந்தா எப்படி இருக்கும்!” படம் ஜெயித்த இடம் அதுதான். எனக்கு இடிப்பதும் அதே இடம்தான்.

1993-இல் தமிழ்நாட்டில் நடந்த நிகழ்வைத் தழுவிய கதை. இயக்குநர் த.செ. ஞானவேல். திருட்டுக் குற்றம் சாட்டி போலீஸ் பிடித்துப்போன இருளர் இளைஞன் ராஜாக்கண்ணு காணாமல் போகிறான். கர்ப்பிணி மனைவி செங்கேணிக்காக வழக்கறிஞர் சந்துரு ஒரு காசும் வாங்காமல் ஆட்கொணர்வு மனு போடுகிறார். நிஜத்தில் அந்த வழக்கை நடத்திய கே. சந்துரு பின்னாளில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானவர்.

படம் இரண்டு விஷயங்களை நன்றாகப் பிடித்திருக்கிறது. ஒன்று, உதவி கேட்பதே ஒரு பெரிய வேலை என்பது. தனக்காகப் பேச ஒரு வக்கீல் இருக்கக்கூடும் என்பதே செங்கேணிக்குத் தெரியாது. பெரியவர்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கும் மைத்ராதான் அவளைக் கூட்டிப்போகிறாள். மைத்ரா இல்லையென்றால் சந்துருவின் நல்ல மனசால் செங்கேணிக்கு ஒரு பயனும் இல்லை. ஆனால் வழக்கு சூடு பிடித்ததும் திரைக்கதை மைத்ராவை ஓரமாக உட்காரவைத்துவிடுகிறது.

இரண்டாவது, செங்கேணியின் நிமிர்வு. வழக்கை விட்டுவிடச் சொல்லி நீட்டும் பணத்தை அவள் வாங்குவதில்லை. போலீஸ் ஜீப்பில் ஏறாமல் அவள் நடக்க, ஜீப் பின்னால் ஊர்ந்து வரும் காட்சி ஒன்று போதும். இலவசமாக வக்கீல் கிடைத்தவள் யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்பதை அங்கே வசனமே இல்லாமல் சொல்லிவிட்டார்கள்.

இனி என் குறை. சந்துரு உள்ளே வரும்போது ராஜாக்கண்ணு ஏற்கெனவே செத்துப்போயிருக்கிறான். நமக்கு அது பிறகுதான் தெரிகிறது. அதாவது நாம் கைதட்டிய அத்தனை வாதமும் இறந்தவனுக்காக. நீதி கிடைத்தது, சரி. அடி விழுந்த அறைக்கு வெளியே அன்றைக்கே ஒரு வக்கீல் வந்து நின்றிருந்தால்? படம் இந்தக் கேள்வியை நம்மிடம் விடவே இல்லை. ஏழைக்கு இலவச வழக்கறிஞர் என்பது நியாயமான விசாரணையின் பகுதி என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1979-இலேயே ஹுசைனாரா காத்தூன் வழக்கில் சொல்லிவிட்டது. படத்திலோ அது ஒரு தனிமனிதரின் பெருந்தன்மையாகவே மின்னுகிறது.

இது வெறும் சினிமாக் குறை என்றால் விட்டுவிடலாம். 2009-இல் சுபாங் ஜெயா தைப்பானில் காவலில் இறந்த குகனை மறக்காத சமூகம் நாம். இங்கே சட்டம் என்ன சொல்கிறது? கைதானவருக்கு வழக்கறிஞரைக் கலந்துபேசும் உரிமை உண்டு என்கிறது அரசமைப்பின் 5(3). 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது 5(4). லோயரையும் உறவினரையும் தொடர்புகொள்ளலாம் என்பதைப் போலீஸே சொல்ல வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 28ஏ. 2012 முதல் இயங்கும் தேசியச் சட்ட உதவி அறவாரியம், கைது, ரிமாண்ட் கட்டத்திலேயே குடிமக்களுக்கு இலவச வழக்கறிஞர் தருகிறது. தீபகற்ப மலேசியாவில் வழக்கறிஞர் மன்ற உறுப்பினர்கள் ஆளுக்கு ஆண்டுக்கு 100 ரிங்கிட் சட்ட உதவி நிதிக்குக் கட்டுகிறார்கள்.

ஆனாலும் நம் தாமான்களில் “பையன பிடிச்சிட்டுப் போயிட்டாங்க” என்றதும் முதல் போன் யாருக்குப் போகிறது? கட்சிக் கிளைத் தலைவருக்கு. இல்லாவிட்டால் போலீஸில் ஆள் தெரிந்த மாமாவுக்கு. லோயர் என்றாலே செலவு, கோர்ட் என்றாலே மானக்கேடு. லோயர் ஞாபகம் வருவதற்குள் ரிமாண்ட் போட்டு முடிந்திருக்கும்.

ரிமாண்ட் விசாரணையில் லோயர் பேசுவது சில நிமிடம்தான். இவ்வளவு நாள் தேவையில்லை, இவருக்கு ஆஸ்துமா, கையில் காயம் இருக்கிறது, பதிவு செய்யுங்கள். கைதட்ட அதில் ஒன்றுமில்லை. பின்னணி இசையும் போட முடியாது. ஆனால் உயிரோடு இருப்பவனுக்கு உதவுவது அந்தச் சில வரிகள்தான்.

‘ஜெய் பீம்’ கெட்ட படம் என்று நான் சொல்லவில்லை. அது நமக்கு ஒரு சந்துருவை ஆசைப்படக் கற்றுக்கொடுத்தது. மைத்ராவாக இருக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. யாரைக் கூப்பிடுவது, என்ன கேட்பது என்று தெரிந்த ஒருவர் வீட்டுக்கு வீடு இருந்தால் சந்துருவுக்காகக் காத்திருக்கும் தேவை பாதி குறைந்துவிடும். அந்த மனிதரை வைத்து இங்கே ஒரு நல்ல கதை வரவேண்டும். எழுத நினைப்பவர்கள் ஒருநாள் காலையில் மாஜிஸ்திரேட் கோர்ட் வராந்தாவில் போய் உட்கார்ந்து பாருங்கள்.