கங்குவார்பட்டிக் கல்

கொடைக்கானல் மலையடிவாரத்தில் கங்குவார்பட்டிப் பக்கம் கிடைக்கும் சில பாறைகள் கையில் எடுத்தால் வெறும் கருங்கல்தான். அதில் ஒரு சீவலை வெட்டி, 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் கதையே வேறு. நடுவில் கார்னெட் என்ற கனிமம், அதன் விளிம்பைத் தின்றபடி கார்டியரைட், ஆர்த்தோபைராக்சின், நீலச் சாயலுள்ள சஃபிரின் என்ற மூன்று கனிமங்களும் சிக்குக்கோல இழைகளாய்ப் பின்னிக் கிடக்கும்.

கார்னெட் ஆழத்து அழுத்தத்தில் வளர்ந்தது. பாறை மேலெழுந்தபோது அழுத்தம் குறைந்தது, சூடோ லேசில் ஆறவில்லை. கார்னெட் உடைந்து அந்த மூன்று கனிமங்களாக மாறத் தொடங்கியது. முழுக்க உடைந்திருந்தால் தடயமே மிஞ்சியிருக்காது. பாதியில் நின்றதுதான் நம் அதிர்ஷ்டம்! கொதித்த சூடு 900 டிகிரி செல்சியஸுக்கு மேல். காலம், ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு.