முல்லைப் பெரியாறு: ஒப்பந்தமும் ஒப்பனையும்

மயிலாடும்பாறையில் நின்று பார்த்தால், வருசநாட்டு மலைகளிலிருந்து இறங்கி வரும் மூல வைகை ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பதைக் காணலாம். இலவ மரங்களும் மானாவாரிக் காடுகளும் வானத்தை நம்பி நிற்கின்றன. மேற்கே மலைத்தொடரைக் கடந்தால் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே இரு போக நெல், தென்னை, திராட்சை. இவ்வேற்றுமைக்கு இயற்கை ஒரு காரணம். 29-10-1886 அன்று கையொப்பமான ஒரு குத்தகைப் பத்திரம் மற்றொரு காரணம்.

அப்பத்திரத்தைப் பற்றி மலைக்கு இருபுறமும் கதைகள் வழங்குகின்றன. கதைகளையும் பத்திரத்தையும் அருகருகே வைத்து ஆராய்வது இலக்கியத் திறனாய்வின் கடமைகளுள் ஒன்று என்று நாம் கருதுகிறோம். கொடுக்கல் வாங்கலை எழுத்தில் வைக்கவேண்டும் என்ற போதனையைக் கேட்டு வளர்ந்த நம் இல்லங்களுக்கு இவ்வாராய்ச்சி அந்நியமாகாது.

மலைக்கு அப்பால் வழங்கும் கதை யாதெனில், திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் ஆங்கிலேயரின் நெருக்குதலுக்கு ஆளாகி, தம் இதயக் குருதியால் கையெழுத்திடுவதாகக் கூறிப் பத்திரத்தில் ஒப்பமிட்டார் என்பது. உருக்கமான கதைதான், ஆனால் ஆண்டுக் கணக்கு அதற்கு இடந்தரவில்லை. விசாகம் திருநாள் 1885 ஆகஸ்டு மாதம் காலமாகிவிட்டார். பத்திரம் முடிவானபோது அரியணையில் இருந்தவர் மூலம் திருநாள். கையொப்பமிட்டவர்களோ திவான் ராமய்யங்காரும் ஆங்கிலேய ரெசிடென்ட் ஹானிங்டனும். மறைந்த மன்னரின் குருதியைத் தேடிக் கொணர்ந்த கற்பனை, உயிரோடிருந்த திவானின் எழுதுகோலை மறந்துவிட்டது.

மலைக்கு இப்பால் வழங்கும் கதை, பொறியாளர் கர்னல் பென்னிகுயிக் தம் சொத்துகளை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்பது. தேனி மாவட்டத்து மக்கள் அவருடைய பிறந்த நாளான ஜனவரி 15-இல் பொங்கலிட்டு வழிபடுகின்றனர். 2013-இல் லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபமும் எழுந்தது. நன்றி மறவாமை தமிழரின் பண்பு. அதனை நாம் குறை கூறவில்லை. எனினும் இக்கதையைச் சொல்வோர் அதற்கு ஆவணம் காட்டுவதில்லை. 1887-இல் தொடங்கி 1895-இல் திறக்கப்பட்ட அணை, சென்னை அரசின் பொதுப்பணித் துறை மேற்கொண்ட வேலை. காட்டுக் காய்ச்சலால் மாண்ட கூலியாட்கள் பலர். அவர்களுடைய பெயர்களைச் சொல்ல எந்தக் கதைக்கும் நேரமிருந்ததில்லை.

இரு கதைகளும் ஒன்றையொன்று மறுப்பனபோல் தோன்றினும், செய்யும் வேலை ஒன்றே. ஒன்று மன்னரைத் தியாகியாக்குகிறது. மற்றொன்று பொறியாளரை வள்ளலாக்குகிறது. இடையே நடந்த பேரம் மறைந்துபோகிறது.

பத்திரமோ பேரத்தை மறைக்கவில்லை. 8,000 ஏக்கர் நிலம். ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். மொத்தம் 40,000 ரூபாய். 999 ஆண்டுக் காலம். விரும்பினால் இன்னுமொரு 999 ஆண்டு. வாடகையை உயர்த்துவதற்கு வழி ஏதும் சொல்லப்படவில்லை. கூர்ந்து நோக்கத்தக்கது இன்னொன்றுண்டு. 1805-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி திருவிதாங்கூர் ஆங்கிலேயருக்குக் கப்பம் கட்டி வந்தது. குத்தகைத் தொகை அக்கப்பத்தில் கழிக்கப்பட்டது. நில உடைமையாளர் கப்பம் கட்டுகிறார். குத்தகைக்காரர் கப்பம் வாங்குகிறார்! பேரரசுக்கும் சிற்றரசுக்கும் இடையே இருந்த உறவை விளக்க இதைவிடத் தெளிவான வரி எந்தக் காவியத்தில் உண்டு? குருதிக் கதையின் உணர்வு பொய்யன்று, நெருக்குதல் இருந்தது. ஆனால் அது கணக்கு ஏட்டில் இருந்தது.

ஏடு சொல்லாமல் விட்டதும் பின்னாளில் பேசலாயிற்று. பெரியாற்று நீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கச் சென்னை அரசு முனைந்தபோது திருவிதாங்கூர் மறுத்தது. வழக்கு நடுவரிடம் சென்றது. நீதியரசர் நளினி ரஞ்சன் சாட்டர்ஜி 1941-இல் அளித்த தீர்ப்பு, பாசனத்துக்காகப் பெற்ற நீரில் மின்சாரம் எடுக்கும் உரிமை சென்னைக்கு இல்லை என்றது. பேரரசின் நிழலில் நின்ற மாகாணத்துக்கு எதிராகச் சமஸ்தானம் வென்ற இந்நிகழ்ச்சியை எந்தக் கதையும் பாடவில்லை.

1947-இல் பேரரசு அகன்றது, குத்தகை அகலவில்லை. சமஸ்தானங்களோடு செய்துகொண்ட உடன்படிக்கைகள் விடுதலையோடு காலாவதியாயின என்ற வாதம் பின்னர் எழுந்தது. உச்ச நீதிமன்றத்தின் ஐவர் ஆயம் 7-5-2014 அன்று அதனை ஏற்க மறுத்து, இஃது அரசியல் உடன்படிக்கையன்று, சாதாரணக் குத்தகையே என்று தீர்ப்பளித்தது. ஆதிக்கம் அன்று வணிகமொழியில் எழுதப்பட்டது. வணிகமொழியில் இருந்தமையால் ஆதிக்கம் போனபின்னும் எழுத்து நின்றது.

நம் எழுத்தாளர்கள் நாட வேண்டிய இடம் 29-5-1970 என்போம். கேரளத்தில் அச்சுத மேனனும் தமிழகத்தில் கருணாநிதியும் முதலமைச்சர்களாக இருந்த காலம். பழைய குத்தகை அன்று திருத்தப்பட்டது. ஏக்கருக்கு 5 ரூபாய் 30 ரூபாயாயிற்று; 40,000 என்பது 2,40,000 ஆயிற்று. முப்பது ஆண்டுக்கு ஒருமுறை வாடகையை மறு ஆய்வு செய்ய வழி பிறந்தது. மீன்பிடிக்கும் உரிமை கேரளத்துக்குத் திரும்பியது. மின்சாரம் எடுக்கும் உரிமையைத் தமிழகம் பெற்றது. அதற்கெனக் கட்டணம் செலுத்தவும் இசைந்தது. 1941-இன் முடிச்சு 29 ஆண்டு கழித்து அவிழ்ந்தது. குருதியும் இல்லை, நகை விற்பனையும் இல்லை. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட இரு அரசுகள் சமமாய் அமர்ந்து கொடுத்து வாங்கின. அதனாலேயே அது கதையாகவில்லை போலும்!

அ. வெண்ணிலாவின் ‘நீரதிகாரம்’ இவ்வணையின் வரலாற்றை நாவலாக்கியிருப்பது வரவேற்கத்தக்கது. 1970-இன் பேச்சுவார்த்தை அறையும் ஒரு நாவலாசிரியருக்காகக் காத்திருக்கிறது என்பதே நம் விண்ணப்பம்.

இதனை ஏட்டுத் தருக்கமாக எண்ணிவிட வேண்டா. 2011 டிசம்பரில் எல்லை கொதித்தபோது குமுளிப் பாதை அடைபட்டது. ஏலத் தோட்டங்களுக்கு நாள்தோறும் ஜீப்பில் சென்றுவந்த கம்பம் பகுதித் தொழிலாளப் பெண்கள் வீட்டிலிருந்தனர். மலைக்கு இருபுறமும் கொண்டும் கொடுத்தும் வாழும் ராவுத்தர் குடும்பங்கள் உறவினரை எண்ணி அஞ்சின. வஞ்சிக்கப்பட்டோம் என்று ஒரு சாராரும், வள்ளலின் கொடையைப் பறிக்கிறார்கள் என்று மறுசாராரும் நம்பும்போது பேரத்துக்கு இடமேது? திருத்தம் செய்யத்தக்க ஒப்பந்தம் இது, ஒருமுறை திருத்தியும் இருக்கிறோம் என்ற நினைவு இருந்தால் அல்லவா அடுத்த பேச்சுக்கு வாய் திறக்கும்?

குறையும் சொல்ல வேண்டும். 1886-ஆம் ஆண்டுப் பத்திரத்திலும் 1970-ஆம் ஆண்டுத் திருத்தத்திலும் மயிலாடும்பாறைக்கு இடமில்லை. சுருளியாற்று வழியே வரும் பெரியாற்று நீர் தேனியருகே வைகையில் கலந்து மதுரைக்கும் அப்பால் செல்கிறது. அதே வைகையின் தலைமாட்டில் வாழும் மக்கள் மூல வைகையின் மழை வெள்ளத்தையே எதிர்நோக்கி இருக்கின்றனர். எந்த ஒப்பந்தத்தை வாசித்தாலும் கையெழுத்திட்டவர் யார் என்று கேட்பதோடு, அழைக்கப்படாதவர் யார் என்றும் கேட்க வேண்டும். அடுத்த திருத்தம் எழுதப்படும் நாளில் மயிலாடும்பாறையின் பெயரும் அதில் இடம்பெற வேண்டும் என்று இங்கிருந்து நாம் கேட்டு வைக்கிறோம்.