சும்மா நிற்காத ஸ்வரம்

ஜாஸ் கலைஞர் சிட்னி பெஷேயைப் பிடிக்காதவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: மனிதர் ஒரு ஸ்வரத்தைக்கூடச் சும்மா நிற்க விடமாட்டார், ஆட்டிக்கொண்டே இருப்பார். உண்மைதான். சோப்ரானோ சாக்ஸபோனில் அவர் ஒரு நீண்ட ஸ்வரத்தைப் பிடித்தால் அது அகலமாக, வேகமாக அதிரும். வைப்ரேட்டோ என்பார்கள். மற்ற ஜாஸ் கலைஞர்களுக்கு அது மேலே தூவும் கொத்தமல்லி. பெஷேவுக்கு அதுதான் குழம்பே.

கமகத்தில் ஊறிய காதுக்கு இந்த அசைவு அந்நியமாகப் படாது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கமகம் பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு வரும்; பெஷே நின்ற இடத்திலேயே துடிக்கிறார். அந்தத் துடிப்பும் எப்போதும் ஒரே அளவில் இருக்காது. ஒரு சொற்றொடரின் கடைசி ஸ்வரத்தைக் கவனியுங்கள். மூச்சு முடியப் போகிறது, ஒலி குறைய வேண்டிய இடம். அங்கேதான் அவர் அதிர்வைக் கூட்டுவார்.

இதைக் கேட்பதற்கு 1939 ஜூனில் நியூயார்க்கில் ப்ளூ நோட் நிறுவனத்துக்காக அவர் வாசித்த ‘சம்மர்டைம்’ பதிவைவிட நல்ல இடமில்லை. மெட்டு ஜார்ஜ் கெர்ஷ்வினுடையது. ‘போர்கி அண்ட் பெஸ்’ ஆப்பராவில் தாலாட்டாக வருவது. ஆல்ஃபிரட் லயன் ப்ளூ நோட்டைத் தொடங்கி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. வழக்கமான பத்து அங்குல இசைத்தட்டில் மூன்று நிமிடம்தான் அடங்கும். இவர்கள் பன்னிரண்டு அங்குலத் தட்டில் பதிந்ததால் பெஷேவுக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. அந்த ஒரு நிமிட உபரியை அவர் வீணாக்கவில்லை. முதல் சுற்றில் மெட்டை அதிகம் கலைக்காமல், கொஞ்சம் அடக்கியே வாசிக்கிறார். போகப்போக ஸ்வரங்களின் விளிம்பு வளைகிறது, கீழிருந்து வழுக்கி ஏறுகிறது, தொண்டையிலிருந்து ஒரு கரகரப்பு வந்து கலக்கிறது. தாலாட்டு ப்ளூஸாக மாறிவிட்டது. எந்த இடத்தில் மாறியது என்று விரல் வைத்துச் சொல்ல முடியவில்லை. பின்னால் டெடி பன்னின் கிட்டார் தன்பாட்டுக்கு ஒதுங்கி, பதில் சொல்வதுபோல் நடக்கிறது. அந்த அடக்கத்துக்காகவே அவரைத் தனியாக ஒருமுறை கேட்கலாம்.

சோப்ரானோ சாக்ஸபோன் சுருதி சேர்ப்பதற்கு மகா முரண்டு பிடிக்கும் வாத்தியம். லண்டனில் இருந்த நாட்களில் வார்டர் வீதிக் கடையொன்றில் பெஷே நேரான குழல் வடிவத்தில் ஒன்றை வாங்கினார். அதிர்வை அவர் இவ்வளவு அகலப்படுத்தியதே சுருதிப் பிசகை மறைக்கத்தான் என்று சிலர் சொல்வதுண்டு. நான் நம்பவில்லை; அவருடைய வாசிப்பின் தனித்தன்மை அந்தக் கருவிக்கு முந்தியது. அந்தக் கருவி கைக்கு வருமுன்பே, 1919இல், அவர் கிளாரினெட் வாசிக்கக் கேட்டுவிட்டு எர்னெஸ்ட் ஆன்செர்மே ஒரு கட்டுரை எழுதினார். ஸ்ட்ராவின்ஸ்கியின் இசையை நடத்திய சுவிஸ் கண்டக்டர் அவர். இருபத்திரண்டு வயதுக் கறுப்பின இளைஞனை மேதை என்று எழுதவும், நாளை உலகம் போகப்போகும் பாதை இதுவாக இருக்கலாம் என்று ஊகிக்கவும் அன்று ஒரு காது வேண்டியிருந்தது.

பாதை தொடங்கிய ஊர் நியூ ஆர்லியன்ஸ். பெஷேயின் குடும்பம் கிரியோல். அங்கே கிரியோல் என்றால் ஐரோப்பிய, ஆப்பிரிக்க ரத்தம் கலந்த, பிரெஞ்சு பேசிய குடும்பங்கள். அடிமைமுறை இருந்த காலத்திலேயே அவர்களில் பலர் சுதந்திர மனிதர்கள். கைத்தொழிலும் முறையான சங்கீதப் பயிற்சியும் உள்ளவர்கள். 1892இல் அவர்களில் ஒருவரான ஹோமர் பிளெஸ்ஸி வெள்ளையருக்கான ரயில் பெட்டியில் வேண்டுமென்றே ஏறி உட்கார்ந்தார். 1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்து, ‘தனியாக, ஆனால் சமமாக’ என்ற பிரிவினைக்கு முத்திரை குத்தியது. சட்டத்தின் கண்ணில் கிரியோல் என்ற நடுப்படியே இல்லாமல் போயிற்று. பிளெஸ்ஸி செருப்புத் தைக்கும் தொழிலாளி. தீர்ப்புக்கு அடுத்த வருடம் பெஷே பிறந்தார். அவருடைய அப்பா ஓமருக்கும் அதே தொழில்.

நோட்டுப் பார்த்து வாசிக்கும் கிரியோல்களும், ப்ளூஸைக் காதாலேயே கற்ற நகரின் மேற்பகுதிக் கறுப்பர்களும் ஒரே மேடையில் ஏற நேர்ந்தது ஜாஸ் பிறந்த கதையில் முக்கியமான பகுதி. பெஷே இதில் ஒரு விசித்திரம். லொரென்ஸோ டியோ, ஜார்ஜ் பாக்கே போன்ற கிரியோல் வாத்தியார்களிடம் போனார். நோட்டுப் படிக்க மட்டும் கடைசிவரை மசியவில்லை. ஆனால் ஆப்பரா பாடகர் கரூஸோவின் இசைத்தட்டுகள் என்றால் உயிர். அந்த வைப்ரேட்டோவில் பாதி ஆப்பரா டெனரின் நெஞ்சு, பாதி ப்ளூஸ்காரரின் முனகல் என்று எனக்குப் படுகிறது.

நியூ ஆர்லியன்ஸ் கோஷ்டியில் மெட்டைத் தாங்குவது கார்னெட். கிளாரினெட் சுற்றிக் கொடி பின்ன வேண்டும். இந்த ஒழுங்கு பெஷேவுக்கு ஒத்துவரவில்லை. ‘கேக் வாக்கிங் பேபீஸ்’ என்ற பாட்டைச் சில வார இடைவெளியில் கார்னெட் வாசித்த லூயி ஆம்ஸ்ட்ராங்கும் அவரும் இரண்டு தரம் பதிந்தார்கள், 1924 டிசம்பரிலும் 1925 ஜனவரியிலும். முதலாவதில் பெஷே ஆம்ஸ்ட்ராங்கை ஓரங்கட்டுகிறார்; இரண்டாவதில் ஆம்ஸ்ட்ராங் வட்டியும் முதலுமாகத் திருப்பித் தருகிறார். அடுத்தடுத்துக் கேட்டால் நல்ல குஸ்தி பார்த்த திருப்தி.

1941இல் இன்னும் ஒரு படி போய், ‘ஷேக் ஆஃப் அராபி’யில் ஆறு வாத்தியங்களையும் தானே வாசித்தார். டேப் புழங்காத காலம். பதிந்த தட்டை ஓடவிட்டு, கூடவே வாசித்து, அடுத்த தட்டில் பதிய வேண்டும். ஒவ்வொரு தடவையும் பழைய ஒலி மங்கும். இசையாக அது பிரமாதம் என்று சொல்லமாட்டேன். ஆறு பெஷேக்களில் ஒருவரும் மற்றவருக்கு வழிவிடவில்லை.

அவர் இறந்தபின் 1960இல் வந்த சுயசரிதையிலும் இதே கை தெரிகிறது. தாத்தா ஒரு அடிமை, நியூ ஆர்லியன்ஸின் காங்கோ சதுக்கத்தில் ஆடிய கலைஞன், காதலுக்காகத் தப்பியோடியவன் என்று தொடங்குகிறது கதை. துருவிப் பார்த்தவர்கள், அது பிராஸ் கூப்பே என்ற ஊர்க் கதையைத் தன் வம்சத்தில் ஒட்டிக்கொண்டது என்கிறார்கள். தாத்தாவையும் ஒரு மெட்டாக எடுத்து வாசித்திருக்கிறார்! பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. சரித்திரத்துக்கு வேறு புத்தகம் பார்த்துக்கொள்ளலாம்.

1933 வாக்கில் பிழைப்புக்கு ஹார்லெமில் தையல் கடை வைத்தவர், 1950களில் பிரான்ஸில் குடியேறி நட்சத்திரமானார். குழந்தையாகக் கேட்டு வளர்ந்த பிரெஞ்சு அங்கே கைகொடுத்தது. 1955இல் பாரிஸ் ஒலிம்பியா அரங்கில் நடந்த இலவசக் கச்சேரியில் இடம் கிடைக்காத ரசிகர்கள் ரகளை செய்து நாற்காலிகளை உடைத்தார்கள். ‘பெதித் ஃப்ளர்’ அவருடைய அந்தக் காலத்து மெட்டு. இனிமையானது; கொஞ்சம் சர்க்கரை அதிகம்.

புதிதாகக் கேட்க வருபவர்கள் அதில் தொடங்க வேண்டாம். ‘சம்மர்டைம்’ அவர் பிற்பாடும் பல தடவை வாசித்தது. 1939 பதிவுதானா என்று பார்த்துக் கேளுங்கள். முதல் தடவை சாக்ஸபோனை மட்டும், இரண்டாம் தடவை கிட்டாரை.