எட்டு விநாடிக் கதையும் பென்னாகரம் சாலையும்

டைம் டிரையல் ஹெல்மெட் பற்றி யார் எழுதினாலும் 1989-இல் போய்த்தான் நிற்கிறார்கள். டூர் டி பிரான்ஸின் கடைசி நாள், ஜூலை 23. வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கி.மீ. கிரெக் லெமாண்ட் 50 விநாடி பின்தங்கியிருந்தார். தலையில் வால் நீண்ட ஹெல்மெட், கைகளை முன்னால் நீட்டிப் பிடிக்கும் டிரை-பார். எதிராளி லோரான் ஃபின்யோனோ வெறுந்தலை, பின்னால் குடுமி. அன்றைய ஓட்டத்தில் லெமாண்ட் 58 விநாடி பிடித்து, மொத்தத்தில் 8 விநாடியில் ஜெயித்தார். ஹெல்மெட் விற்பவருக்கு இதைவிட நல்ல கதை கிடைக்குமா?

ஆனால் சோதனை என்று பார்த்தால் இது மோசமான சோதனை. ஹெல்மெட்டும் வேறு, ஹேண்டில்பாரும் வேறு. போதாக்குறைக்கு ஃபின்யோனுக்கு சீட்டில் உட்காரவே சிரமமான புண். ஒரே கமிட்டில் மூணு மாற்றத்தைப் போட்டுவிட்டு, எது பக்கைச் சரிசெய்தது என்று கேட்பது மாதிரி. உடம்பையே குறுக்கிய அந்த பாருக்குத்தான் பெரும்பங்கு என்பது என் கட்சி.

இதை இப்போது கிளறக் காரணம், தருமபுரி–பென்னாகரம்–ஒகேனக்கல் சாலையில் பயிற்சி எடுக்கும் ஒரு தம்பி. கோவா அயர்ன்மேன் 70.3 அவர் இலக்கு; அதில் சைக்கிள் மட்டும் 90 கி.மீ. "அண்ணா, கம்மி விலையில ஏரோ ஹெல்மெட் எது வாங்கலாம்?" என்று கேட்டார்.

விளம்பரங்கள் "இத்தனை வாட் மிச்சம்" என்கின்றன. அந்த எண்கள் பெரும்பாலும் மணிக்கு 45, 50 கி.மீ. வேகத்துக்கானவை. காற்றை வெல்லத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். சமதளம், எதிர்க்காற்று இல்லை, ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ, இழுவைப் பரப்பு 0.30 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஹெல்மெட் அதில் 0.005-ஐக் குறைத்தால், 50 கி.மீ. வேகத்தில் ஏழரை வாட் மிச்சம். நம்ம தம்பி போகும் 30 கி.மீ. வேகத்தில் இரண்டு வாட்டுக்கும் கீழே.

சரி, அப்போ மெதுவாகப் போறவங்களுக்கு ஏரோ வேஸ்ட்டா? அதுவும் இல்லை. அதே கணக்கை 40 கி.மீ. தூரத்துக்கு விநாடியில் போட்டால் வேகமானவருக்குச் சுமார் 15 விநாடி மிச்சம், தம்பிக்குச் சுமார் 24. அவர் காற்றோடு அதிக நேரம் மல்லுக்கட்டுகிறார், அவ்ளோதான். வாட் எண்ணை வைத்து அவருக்கு ஆசை காட்டுவதும் தப்பு, "உன் வேகத்துக்கு இதெல்லாம் எதுக்கு" என்று கிண்டலடிப்பதும் தப்பு.

ஆனால் அந்த 0.005 தலை அசையாமல் இருந்தால்தான். நீண்ட வால் முதுகோடு ஒட்டிக் கிடக்கும்வரை லாபம். களைத்துத் தலை குனிந்தாலோ, வேகத்தடை வருதா என்று கீழே பார்த்தாலோ, வால் மேலே தூக்கிக்கொண்டு காற்றைத் தானே பிடிக்கும். நம்ம ஊர் சாலையில் கீழே பார்க்காமல் ஓட்ட முடியுமா?

எனக்கு இதைவிடப் பெரிய ஆட்சேபம் காது. டைம் டிரையல் ஹெல்மெட்டுகள் பலவும் காதை மூடுகின்றன. சாலையை அடைத்து நடத்தும் போட்டியில் அது பரவாயில்லை. பென்னாகரம் தாண்டி காட்டுக்குள் இறங்கும் வளைவுகளில் பின்னால் பஸ் ஹாரன், மீன் வறுவலுக்கு அவசரப்படும் டூரிஸ்ட் கார், நடுரோட்டில் குரங்கு. அங்கே கண்ணுக்கு முன்னால் காதுதான் வேலை செய்யணும். இறக்கத்தில் வேகத்தைப் புவியீர்ப்பே தந்துவிடும், அங்கே ஏரோவால் பயிற்சிக்கு ஒரு பயனும் இல்லை. ஏப்ரல், மே வெயிலில் காற்றுத்துளை குறைந்த ஹெல்மெட் போட்டுத் திரும்ப மலையேறினால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

ஆகவே என் பதில்: வால் இல்லாத, காது திறந்த, முன்பக்கம் நாலைந்து துளையாவது உள்ள ஏரோ ரோடு ஹெல்மெட். 2012-இல் கிரோ ஏர் அட்டாக் வந்ததிலிருந்து இந்த வகை பிரபலம். இப்போது பல கம்பெனிகள் குறைந்த விலையிலும் செய்கின்றன. கோவாவுக்கு மட்டும் வால் ஹெல்மெட் வேணும்னா, ஏற்கெனவே வைத்திருக்கும் யாரிடமாவது இரவல் கேட்கலாம். விழாத ஹெல்மெட்தானா என்று விசாரித்துவிட்டு.

வாங்கும்போது உள்ளே ஸ்டிக்கரைத் தேடுங்கள். ஐரோப்பாவின் ஈஎன் 1078 என்றால் தட்டையான இரும்பில் சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து போட்டு, தலைக்குப் போகும் அதிர்வு 250 ஜி-யைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவின் சிபிஎஸ்சி என்றால் 2 மீட்டர், 300 ஜி. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் ஹெல்மெட் கட்டாயம் மோட்டார் சைக்கிளுக்குத்தான், சைக்கிளுக்கு இல்லை. அதனால் இதை நீங்களேதான் பார்த்துக்கணும். பிரபல மாடலின் உருவத்தை அச்சடித்தாற்போல் வைத்து, ஸ்டிக்கரே இல்லாமல் ஆன்லைனில் கால் விலைக்கு வருவது வெறும் தொப்பி.

மிச்சமாகும் பணத்தில் அந்தத் தொளதொள ஜெர்ஸியை முதலில் மாற்றச் சொல்லியிருக்கிறேன். பிறகு முழங்கையை ஊன்றும் கிளிப்-ஆன் பார். குனிந்த உடம்பு தரும் லாபம் மேலே சொன்ன 0.005-ஐப் போலப் பல மடங்கு வரும்.