ஐந்தாம் ஆண்டுக்கு அப்பால்

பிசினஸ் ஸ்கூல்களில் இது மதிப்பீட்டுப் போட்டிகளின் காலம். பங்குச் சந்தையில் உள்ள ஒரு நிறுவனத்தை எடுத்து, அதன் பங்கு என்ன விலை பெறும் என்று எக்செலில் கணக்குப் போட்டு, நடுவர்கள் முன் வாதாட வேண்டும். வென்ற அணியின் படம் கல்லூரி விளம்பரத்தில் வருகிறது. கார்ப்பரேட் ஃபைனான்ஸ் பாடத்தையே இந்தப் போட்டிகளின் அச்சில் வார்க்கலாம் என்று சில பேராசிரியர்கள் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். கணிப்பு தவறினாலும் ஒழுங்காகச் சிந்திக்கும் பழக்கம் மாணவருக்கு வருகிறதே என்பது அவர்கள் கட்சி. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

இந்தப் பாடத்தால் நன்மை இல்லாமல் இல்லை. இன்று கையில் உள்ள நூறு ரூபாயும் ஐந்து வருடம் கழித்து வரப்போகும் நூறு ரூபாயும் ஒன்றல்ல என்பதும், லாபம் வேறு ரொக்கம் வேறு என்பதும் மனதில் பதிகின்றன. சென்னை லயோலாவில் படித்து நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இந்தப் பாடத்தை நடத்தும் அஸ்வத் தாமோதரன், தம் வகுப்புகளையும் கணக்குத்தாள்களையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள இணையத்தில் திறந்து வைத்திருப்பது பெரிய கொடை.

என் மறுப்பு கணக்கின் கடைசிக் கட்டத்தைப் பற்றியது. ஒரு நிறுவனம் அடுத்த ஐந்து ஆண்டுகளில் 60, 68, 76, 85, 95 கோடி ரூபாய் ரொக்கம் ஈட்டும், ஆறாம் ஆண்டில் 100 கோடி என்று வைத்துக்கொள்வோம். வருங்கால ரொக்கத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் தள்ளுபடி விகிதம் 12 சதவீதம். ஐந்தாம் ஆண்டுக்குப் பின் என்றென்றைக்கும் 5 சதவீத வளர்ச்சி. மாணவர் உட்கார்ந்து யோசித்த ஐந்து ஆண்டுகளின் இன்றைய மதிப்பு சுமார் 270 கோடி. அதற்குப் பிறகான முடிவில்லாத காலத்தின் மதிப்பு, அதாவது டெர்மினல் வேல்யூ, 811 கோடி. மொத்தத்தில் முக்கால் பங்கு அந்த ஒரே வரியிலிருந்து வருகிறது. இப்போது தள்ளுபடி விகிதத்தை 11 ஆக்கி, வளர்ச்சியை 6 ஆக்குங்கள். ஐந்து ஆண்டுகளின் மதிப்பு ஏழு கோடிதான் கூடுகிறது. டெர்மினல் வேல்யூவோ 1,187 கோடிக்குப் போய்விடுகிறது. இரண்டு கட்டங்களில் தலா ஒரு சதவீதம் மாறியதற்கு நிறுவனத்தின் விலை 35 சதவீதம் ஏறிவிட்டது. 12 சரியா 11 சரியா என்று வகுப்பில் யாராலும் நிரூபிக்க முடியாது. அந்த விகிதத்துக்குள் போகும் பீட்டாவை, அதாவது சந்தையோடு சேர்ந்து பங்கு எவ்வளவு ஆடுகிறது என்ற அளவை, இரண்டு வருட விலைகளிலிருந்து எடுத்தால் ஒரு எண், ஐந்து வருட விலைகளிலிருந்து எடுத்தால் வேறு எண்.

சந்தை விலையோ மாணவர் கண்ணெதிரே இருக்கிறது. நான் திருத்தும் அறிக்கைகளில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: விடை சந்தை விலைக்குக் கொஞ்சம் மேலே வந்து நிற்கும், பக்கத்தில் 'வாங்கலாம்' என்ற பரிந்துரை இருக்கும். விடையை முதலில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற விகிதத்தைத் தேடுவதை ஒழுங்கான சிந்தனை என்று நான் ஏற்கமாட்டேன்.

உணவு டெலிவரி நிறுவனமான சொமாட்டோவைக் காட்டி இதற்குப் பதில் சொல்கிறார்கள். 2021 ஜூலையில் பங்கு ஒன்று 76 ரூபாய்க்கு வெளியிடப்பட்டது. தாமோதரன் போட்ட மதிப்பு சுமார் 41. முதல் நாளே விலை நூறைத் தாண்டியது. ஓராண்டில் 41 ரூபாய் அளவுக்கு இறங்கியது. மதிப்பீட்டு மாதிரி வென்றது என்று கொண்டாடினார்கள். 2024-இல் அதே பங்கு 250 ரூபாயைத் தாண்டியபோது அந்தக் கொண்டாட்டம் எங்கே போயிற்று? தம் எண்கள் தவறும் என்பதைத் தாமோதரன் ஒளித்ததே இல்லை. அவர் எழுதிய எச்சரிக்கைகளை விட்டுவிட்டு எண்ணை மட்டும் மாணவர் மனப்பாடம் செய்கிறார்.

இதைவிடப் பெரிய கேடு, மாதிரிக்குள் போடும் எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் பழக்கம் வகுப்பில் வளராமல் போவது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு மோசடியை ஒப்புக்கொண்டு எழுதிய கடிதத்தை எந்த ஃபைனான்ஸ் வகுப்பும் வரிவரியாகப் படிக்க வேண்டும். கணக்கில் காட்டிய ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி. அதில் 5,040 கோடி பொய். வராத வட்டியை 376 கோடி என்று எழுதியிருந்தார்கள். ஒரு காலாண்டில் காட்டிய இயக்க லாபம் வருவாயில் 24 சதவீதம், உண்மையில் 3. அந்த 24-ஐ எக்செலில் போட்டிருந்தால் மாதிரி ஒரு குறையும் சொல்லாமல் அழகான விலை ஒன்றைக் கொடுத்திருக்கும். இத்தனை ரொக்கம் வைத்திருக்கும் நிறுவனம் அதை ஏன் பங்குதாரர்களுக்குத் தரவில்லை, 2008 டிசம்பரில் தலைவரின் குடும்பத்தோடு தொடர்புடைய மேடாஸ் நிறுவனங்களை ஏன் வாங்கப் பார்த்தது என்று கேட்கத் தெரிந்தவருக்குத்தான் சந்தேகம் வந்திருக்கும். அந்தக் கேள்விகளுக்குத் தள்ளுபடி விகிதம் தேவையே இல்லை.

ஆகவே முதல் பருவம் முழுக்க எக்செலை மூடி வைக்கச் சொல்வேன். ஒரு நிறுவனத்தின் பத்து ஆண்டறிக்கைகள், அவற்றின் பின்குறிப்புகளோடு. சார்புடையவர்களோடு நடந்த கொடுக்கல் வாங்கல் என்ன? ஆறு மாதத்துக்கு மேல் வராமல் கிடக்கும் பாக்கி எவ்வளவு? லாபம் ஏறிய வருடங்களில் ரொக்கமும் ஏறியதா? திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்பவர் இந்தக் கேள்விகளோடுதான் தினமும் கணக்குப்பிள்ளை முன் உட்காருகிறார். அவர் நிறுவனம் பங்குச் சந்தையில் இல்லை. அதற்கு எடுக்க பீட்டாவும் இல்லை. அந்தத் தொழிலை எடைபோடத் தெரியாமல் முதுகலைப் பட்டத்தோடு ஒருவர் வெளியே வருவதை என்னால் ஏற்க முடியவில்லை.

வேலை கொடுப்பவர்கள் மாதிரி போடத் தெரிந்தவரைத்தான் கேட்கிறார்கள் என்பது கடைசியாக வரும் வாதம். கேட்கட்டும். எக்செல் மாதிரியை அலுவலகத்தில் சேர்ந்த சில வாரங்களில் எவரும் கற்றுக்கொள்வார்கள். மாதக் கடைசி நெருக்கடியில் இருக்கும் எந்த மேலாளரும் புதிதாக வந்த பையனை உட்காரவைத்து, தணிக்கை அறிக்கையின் ஒரு வரி ஏன் மாறியிருக்கிறது என்று சொல்லித் தரப்போவதில்லை. அதற்கு நேரம் இருக்கும் ஒரே இடம் பல்கலைக்கழகம்.