பருத்திக்கொட்டையும் பாலிபினால் மாத்திரையும்

பசுவந்தனை, கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில் வளர்ந்த வாசகர்களுக்குப் பருத்திக்கொட்டையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஊறவைத்து ஆட்டி மாட்டுக்கு வைப்பார்கள். பால் பிழிந்து கருப்பட்டி சேர்த்துக் காய்ச்சி நாமும் குடிப்போம். அந்தக் கொட்டைக்குள் காசிப்பால் என்னும் மஞ்சள் நிறப் பொருள் ஒன்று இருக்கிறது. பூச்சிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் செடி தானே செய்துகொள்ளும் பொருள் இது. வேதியியலார் இதைப் பாலிபினால் என்னும் குடும்பத்தில் சேர்க்கின்றனர்.

பாலிபினால்! இந்தப் பெயரை அண்மைக் காலத்தில் நீங்கள் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். மஞ்சளிலுள்ள குர்குமின், திராட்சைத் தோலிலுள்ள ரெஸ்வெரட்ரால், தேயிலையிலுள்ள கேட்டகின் எல்லாம் இக்குடும்பத்தவையே. இவற்றைப் பிரித்தெடுத்து மாத்திரையாக்கி, “நீரிழிவால் வரும் அழற்சியைத் தணிக்கும், செல்களைக் காக்கும், இயற்கையானது, தீங்கற்றது” என்று விற்கிறார்கள். இக்கூற்று எவ்வளவு உண்மை என்பதைச் சற்று ஆராய்வோம்.

முதலில் விளம்பரம் சொல்வதில் உள்ள உண்மையை ஒப்புக்கொள்வோம். இரண்டாம் வகை நீரிழிவில் இரத்தத்தில் மிகுந்துள்ள சர்க்கரையால் செல்களுக்குள் தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன. இவை இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் புண்படுத்தும். வயிற்றுக் கொழுப்பிலிருந்து அழற்சியைத் தூண்டும் பொருள்கள் சுரக்கின்றன. சோதனைக் குழாயில் பாலிபினாலைச் சேர்த்தால் அத்தீவிர மூலக்கூறுகள் அடங்குவதும் மெய்யே.

ஆனால் மனித உடல் சோதனைக் குழாய் அன்று. விழுங்கிய குர்குமினில் மிகச் சிறு பகுதியே இரத்தத்தில் சேர்கிறது. அதையும் குடலும் கல்லீரலும் விரைவில் உருமாற்றி வெளியேற்றிவிடுகின்றன. மேலும், தீவிர மூலக்கூறுகள் எல்லாம் பகைவர்கள் அல்லர். உடற்பயிற்சியின்போது தோன்றும் இவை, இன்சுலினுக்கு நன்கு செவிசாய்க்கும்படி தசைக்கு அறிவிக்கும் தூதுவர்களும் ஆகும். உடற்பயிற்சியுடன் வைட்டமின் சி, இ மாத்திரைகளை உண்டவர்களுக்கு, பயிற்சியால் கிட்டவேண்டிய அந்நன்மை கிட்டாமற் போனது என்று 2009இல் ஜெர்மானிய அறிஞர்கள் காட்டினர்.

சரி, நோயாளர்களிடம் சோதித்துப் பார்த்தார்களா? பார்த்தார்கள். இத்தாலியில் 192 நீரிழிவு நோயாளரில் ஒரு சாராருக்கு ரெஸ்வெரட்ராலும், மற்றொரு சாராருக்கு அதுபோலவே தோன்றும் வெற்று மாத்திரையும் 6 மாதம் கொடுத்தனர். 2016இல் வெளிவந்த முடிவின்படி அழற்சியைக் காட்டும் புரதம் குறையவில்லை. குர்குமின் பற்றிய சில சிறு ஆய்வுகளில் சர்க்கரையும் அழற்சியும் சற்றே குறைந்தது உண்மை. ஆனால் அவற்றுள் பல, சில பத்துப் பேரைச் சில வாரங்கள் மட்டுமே கவனித்தவை. நோயாளி அஞ்சுவது பார்வையிழப்பு, சிறுநீரகப் பழுது, மாரடைப்பு ஆகியவற்றுக்கு. இம்மாத்திரைகள் அவற்றைத் தடுக்கும் என்பது நீண்டகாலப் பெரிய ஆய்வு எதிலும் மெய்ப்பிக்கப்படவில்லை.

“பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே! பாட்டன் காலந்தொட்டு மஞ்சள் உண்கிறோமே!” என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சிறு கணக்குப் போடுங்கள். மஞ்சள் பொடியில் குர்குமின் சுமார் 3 விழுக்காடுதான். ஆகவே 500 மில்லிகிராம் குர்குமின் கொண்ட ஒரு மாத்திரை ஏறக்குறைய 16 கிராம் மஞ்சள் பொடிக்குச் சமம். நம் வீட்டில் எவர் நாள்தோறும் அவ்வளவு மஞ்சளைக் குழம்பில் உண்கிறார்? போதாததற்கு, மிளகிலுள்ள பைப்பரினையும் பலர் சேர்க்கின்றனர். அது குர்குமின் உட்கிரகிப்பை 20 மடங்கு உயர்த்துவதாக 1998இல் பெங்களூரில் கண்டனர். ஆனால் கல்லீரல் மற்ற மருந்துகளைக் கழிக்கும் வேலையையும் பைப்பரின் தடுக்கக்கூடும். மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் கெட்ட 10 பேரைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 2022இல் அறிவித்தனர். அவர்களுள் ஒருவர் இறந்தார்.

இப்போது காசிப்பாலுக்குத் திரும்புவோம். 1970களில் சீனாவில் ஆண்களுக்கான கருத்தடை மருந்தாக இதை ஆயிரக்கணக்கானோருக்குக் கொடுத்தனர். கருத்தடை நிகழ்ந்தது. கூடவே சிலருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்குக் குறைந்தது. வேறு சிலருக்கு மருந்தை நிறுத்திய பின்னும் மலட்டுத்தன்மை நீங்கவில்லை. முயற்சி கைவிடப்பட்டது. பருத்திப்பால் குடிப்பவர்கள் இதைக் கேட்டு அஞ்ச வேண்டாம். சூடேற்றும்போது காசிப்பாலில் ஒரு பகுதி புரதத்துடன் பிணைந்து வீரியம் இழக்கும். என்றாவது பருத்திப்பால் குடிப்பது வேறு, பிரித்தெடுத்த பொருளை நாள்தோறும் விழுங்குவது வேறு. மஞ்சளுக்கும் இதுவே விதி.

அப்படியானால் மெய்யாகவே பயன் தருவது எது? அதற்கான சான்று நம் சென்னையிலேயே உண்டு. மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரைச் சுமார் 3 ஆண்டுகள் கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. நடைப்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொள்ளத் தொடர்ந்து ஊக்கம் பெற்றவர்களில் அது 39 விழுக்காடே. எந்த மாத்திரையும் இன்றிக் கிட்டிய பலன் இது!

செடிகளின்மீது நமக்குப் பகையில்லை. நீரிழிவுக்கு முதன்மையாகத் தரப்படும் மெட்ஃபார்மினின் மூலக்கதையே காலேகா என்னும் ஐரோப்பியச் செடியில்தான் தொடங்குகிறது. அச்செடியிலிருந்த பொருளின் நச்சுத்தன்மையை உணர்ந்து, அதையொத்த பாதுகாப்பான பொருளை ஆக்கி, 1957இல் பிரான்சில் நோயாளர்க்குக் கொடுத்து, பின்னர் பல்லாண்டு சோதித்தே உலகம் அதை ஏற்றது. செடியிலிருந்து வந்ததா என்பது பெரிதன்று. சோதனையில் தேறியதா என்பதே கேள்வி.

நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் தடுக்கிறது. இருந்தும் விளம்பரங்கள் வரத்தான் செய்கின்றன. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் அதை நம்பி, மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்த எண்ணினால் மூன்று கேள்விகளை அவர் முன் வையுங்கள். எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? எத்தனை காலம்? எந்தக் கேடு குறைந்தது? விடை கிடைக்கும்வரை மருந்தை நிறுத்த வேண்டாம். மஞ்சள் குழம்பிலேயே இருக்கட்டும்.