ஜோங்காவின் ஆறு சிலிண்டர்

தேக்காவில் மாலைத் தேநீருக்குக் கூடும் எங்கள் நண்பர் குழாத்தில், தேசிய சேவைக் காலத்து லேண்ட் ரோவரைப் போற்றுவோர் ஒரு கட்சி. மஹிந்திராவின் வில்லிஸ் ஜீப்பைப் போற்றுவோர் மற்றொரு கட்சி. முன்னதன் அலுமினிய உடலையும் பின்னதன் எளிமையையும் நான் மறுப்பவனல்லேன். ஆயினும், நிஸ்ஸான் பாட்ரோலின் வடிவத்தைக் கொண்டு ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலை 1969இல் செய்யத் தொடங்கிய ஜோங்காவைக் கேட்ட செவிக்கு அவ்விரண்டும் அடுத்த வரிசைதான்.

கேட்ட செவிக்கு என்று வேண்டுமென்றே சொல்கிறேன். நாலு சிலிண்டர் ஜீப் ஏற்றத்தைக் கண்டதும் அலறத் தொடங்குமிடத்தில், ஏறக்குறைய நாலு லிட்டர் கொள்ளளவும் 110 குதிரைத்திறனும் உடைய அந்த ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், மந்தர ஸ்தாயியை விட்டு நகராமல், மூன்றே கியர்களில் காரியத்தை முடித்துவிடும். இளமையில் குன்னூரில் உறவினர் இல்லத்தில் தங்கியிருந்தபோது, வெல்லிங்டன் பாளையத்திலிருந்து ஏறிவரும் ஜோங்கா வளைவில் மறைந்திருக்கையிலேயே, கியர் மாறும் கணத்து மௌனமும் அதையடுத்து ஒரு படி இறங்கி ஒலிக்கும் கனமான நாதமும் எனக்கு அத்துபடி. முகப்பு விளக்குகளின் லட்சணத்தை வர்ணிப்பவர்கள் வர்ணிக்கட்டும். எனக்கு அந்த ஒரு கணம் போதும்.

இரவல் வடிவம் என்று இகழ்வோருக்கு ஒரு வார்த்தை: ஜப்பானியர் 1980இல் அந்த பாட்ரோலைக் கைவிட்ட பின்னரும், 1999 வரை அதைச் செய்துகொண்டிருந்தது ஜபல்பூர். பெற்றவர்களே மறந்த வடிவத்தைப் பத்தொன்பது ஆண்டுகள் பேணியவர்களுக்கு அதில் பாத்தியதை இல்லையா?

நம் சிங்கப்பூரில் இத்தகைய நீடித்த உறவுக்கு இடமேது! பத்தாண்டு வாகன உரிமைச் சான்றிதழ் முடிந்ததும் நல்ல யந்திரமும் பெரும்பாலும் விடைபெற்றுவிடுகிறது. புக்கிட் தீமா ஃபோர்டு ஆலைக்குச் செல்வோரும் 1942ஆம் ஆண்டுச் சரணாகதியைக் கண்டு திரும்புகிறார்களேயன்றி, அங்கே பாகங்கள் பூட்டி உருவாக்கப்பட்ட கார்களைப் பற்றி விசாரிப்பவரை நான் கண்டதில்லை.

2019இல் தோனி ஒரு ஜோங்காவை வாங்கி ராஞ்சி வீதிகளில் ஓட்டியதும், அதன் பெயரையே அறியாத இளைஞர்கள் ஒரு வாரம் அதைப் பற்றியே பேசினார்கள். சந்தோஷம். ஆனால் ராணுவ ஏலத்தில் ஜோங்காவை எடுப்போரில் பலர், பெட்ரோல் செலவுக்கு அஞ்சி—அது மகா தாகசாலி என்பது மெய்யே—அந்த ஆறு சிலிண்டரைக் கழற்றிவிட்டு ஏதேனுமொரு டீசல் என்ஜினை மாட்டிவிடுகிறார்கள். அப்படி இரைந்துகொண்டு செல்லும் பச்சைத் தகரக்கூட்டின் படத்தை நண்பர்கள் என்னிடம் காட்டி அபிப்பிராயம் கேட்கும்போது, தேநீரை ஆற்றிக்கொண்டு நான் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறேன்.